நூற்றுக்கு அரை ரூபாய்

படிவம் ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் எனக்கு.
கேள்வி ஒன்றே ஒன்று:
கடையில் வாங்கும் நூறு ரூபாய்ச் சாமானுக்கு
அரை ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால்
உங்கள் நகருக்குள் பஸ் வரும்,
சம்மதமா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டம்.

ரெட்டியார்பட்டி விலக்கில் இறங்கி
வெயிலுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை.
செண்பகா அவென்யூ என்று வளைவு நிற்கிறது.
செண்பகம் இல்லை, உடைமரம் இருக்கிறது,
அதன் கீழே
விற்காத மனைகளின் மஞ்சள் கற்கள்.

முதல் வீடு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் நயினார்.
இரண்டு கார்.
ஒன்றுக்குப் போர்வை போர்த்தியிருந்தது.
"அரை ரூவா நமக்குப் பெரிசில்ல பாத்துக்க.
பஸ்ஸு வந்தா கண்ட ஆளும் வருவாம்லா."
கண்ட ஆளாக நின்று
இல்லையில் ஒரு டிக் போட்டேன்.
குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.
நல்ல குளிர்ச்சி.

ஜெபக்கனி டீச்சர் கேள்வியை முடிக்கவே விடவில்லை.
"ஆமான்னு போடும்மா. முடிஞ்சா ரெண்டு தடவ போடு.
சாருக்கு ஹைகிரவுண்டுல டயாலிசிஸ்,
வாரத்துக்கு ரெண்டு.
ஆட்டோ போக இருநூத்தம்பது,
வர முந்நூறு."
வருவதற்கு மட்டும் ஏன் கூட?
"திரும்பி வெறும் வண்டியா ஓட்டணுமாம்.
இங்கருந்து ஏத்த ஆளில்லியாம்."

டைல்ஸ் கடை காஜா மைதீன்
கால்குலேட்டரை எடுத்துவிட்டார்.
"நானூறு ரூவா சிமெண்டு மூட்டைக்கு ரெண்டு ரூவா.
நூறு மூட்டைக்கு எரநூறு.
நாங்குநேரிக்காரன் அங்ஙனயே வாங்கிருவாம்மா.
பஸ்ஸுல ஏறியா சிமெண்டு வாங்க வாரான்?"
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.
படிவத்திலும் இல்லை.

எட்டாம் தெருவில்
காதில் கருவியோடு கம்ப்யூட்டரில் இருந்த பையன்
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"பொம்பளையாளுக்கு டிக்கெட்டு ஓசி.
பெறவு எதுக்கு நான் குடுக்கணும்?"
உள்ளே மிக்சி நின்றது.
"ஓசிதாம்ல. பஸ்ஸு எங்கல?"
மிக்சி மறுபடி ஓடியது.
அவன் படிவம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

மூன்று நாளும் காலையில்
எனக்கு எதிரே நடந்து வந்தவள் பேராச்சி.
நான் வரும்போது அவள்
இரண்டு வீட்டுப் பாத்திரம் முடித்து
மூன்றாம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.
"என்ட்ட கேக்க மாட்டியோ?"
"லிஸ்டுல வீட்டுக்காரங்க பேர்தான்க்கா."
"எனக்குச் சோப்புக்கட்டிக்கு அரை ரூவா கிடையாதா?"
"உண்டு. சோப்புக்குத் தக்கன."
"பிடிக்கதுக்கு மட்டும் பேரு வேண்டாமாக்கும்."

கோபமில்லை அவளுக்கு.
ஈரக் கையைச் சேலையில் துடைத்து
யோசித்துத்தான் சொன்னாள்:
"காலைல ஆறரைக்கு வருமா?
ஆறரைன்னா ஆமா.
ஒம்பதுக்குன்னா வேண்டாம்,
ஒம்பது மணிக்கு எனக்கு என்னத்துக்கு பஸ்ஸு?"

மணிக்குக் கட்டம் அச்சடிக்கவில்லை.
மிச்சப் படிவம் ஒன்றை எடுத்து
பேராச்சி என்று எழுதி
ஓரத்தில் ஆறரை என்று எழுதினேன்.

கடைசி நாள் எண்ணி முடிக்க இருட்டிவிட்டது.
ஆம் இருபத்தொன்பது. இல்லை முப்பத்துநான்கு.
பூட்டிய கதவு பதினொன்று.
ஏழு பத்து வண்டி விலக்கைத் தாண்டிப் போயிருக்கும்.
வளைவுக்குப் பக்கத்தில் கார் ஒன்று நின்றது.
போர்வை போர்த்தாத கார்.
"ஏறும்மா, விலக்குல விடுதேன்."

வழியில் நயினார் கணக்கைக் கேட்கவில்லை.
விலக்கில் வெளிச்சமில்லை.
நாய் இரண்டு படுத்திருந்தன.
கண்ணாடியை இறக்கி,
"இந்நேரத்துக்கு பஸ் இல்லியா?" என்றார்.
"இல்லை" என்றேன்.
கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் இருந்தார்.
பிறகு கதவை மறுபடி திறந்து
வண்ணார்பேட்டை வரை கொண்டுவிட்டார்.

ஆபீசில் கட்டுக்கட்டாக எண்ணினார்கள்.
கட்டத்துக்கு வெளியே எழுதிய படிவம்
செல்லாதாம்.
பன்னிரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.